‘வா’ என்று சொல்லாமல் போன மச்சானுக்கு

என்றென்றும் என் அன்புக்குரிய மச்சானுக்கு,

நீங்கள் போய் ஓராண்டு நிறையப் போகிறது. திதிக்குள் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதிவிட வேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன். “எழுதுடா. ஆனா அவர் பதில் போடலைன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே” என்றாள். உங்கள் மனைவி மாறவில்லை.

இதை வேறு சிலரும் படிக்கக்கூடும். ஆகவே உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததையும் இடையிடையே சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். என் வழக்கப்படி தலைப்புகளை முதலில் எழுதிவிடுகிறேன். “கல்யாணப் பத்திரிகை எழுதச் சொன்னாலும் நம்பர் போட்டுத்தான் எழுதுவான் உன் தம்பி” என்று நீங்கள் அக்காவிடம் சொல்லிச் சிரித்ததை மறக்கவில்லை.

1. கடலில் எச்சரிக்கைச் சொற்கள் மூன்று. வானத்தில் இரண்டு. ஏன்?
2. ஆபத்து எவ்வளவு பெரியது என்று முடிவு செய்ய வேண்டியவர் யார்? கூப்பிடுகிறவரா, கேட்கிறவரா?
3. உங்கள் கடிகாரமும் அதிலுள்ள சிவப்புப் பட்டையும்.
4. ஆபத்தில் இருப்பது தனியாக இருக்கும் அக்கா. ஒன்று என்றால் அவள் சரியான சொல்லைச் சொல்லிக் கூப்பிடுவாளா?
5. குமரனுக்கு நான் தர வேண்டிய பதில்.

எழுதி முடித்தவுடனே தோன்றுகிறது, ஐந்தாவதை முதலில் சொல்லாவிட்டால் மற்றவை எதற்கு என்று விளங்காது. உங்கள் மகன் மஸ்கட்டிலிருந்து பேசினான்.

“மாமா, அம்மாவை இங்க கூட்டிக்கிட்டு வந்துடலாம்னு பாக்குறேன். ஸ்ரீரங்கம் வீட்டைப் பூட்டிடலாம். கேட்டா அம்மா மாட்டேங்குறாங்க. நீங்கதான் தினம் பேசுறீங்க. நீங்களே சொல்லுங்க, அம்மா தனியா இருக்கலாமா, கூடாதா? நீங்க என்ன சொன்னாலும் சரி.”

‘நீங்கள் என்ன சொன்னாலும் சரி’ என்பதைப் போல என்னைப் பயமுறுத்தும் வாக்கியம் வேறு இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். “எப்ப மாமா?” என்றான். “அப்பா திதிக்குள்ள” என்றேன். அக்காவுக்கு அந்த வீட்டை விட்டுப் போக மனமில்லை. இருக்கலாம் என்று நான் சொல்லி, யாரும் இல்லாத நேரத்தில் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? போகட்டும் என்று சொன்னால், வேரோடு பிடுங்கியவன் நான் ஆவேன். அவள் போய்விட்டால் தினம் காலையில் நான் யாருடன் பேசுவது என்பது வேறு விஷயம். அது தலைப்பில் இல்லை.

இனி முதல் தலைப்பு. நீங்கள் கப்பலில் ரேடியோ ஆபீசர். நான் திருச்சி விமான நிலையத்தில் தகவல் தொடர்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். “வயர்லெஸ் ரோட்டுல குடியிருக்கிற வயர்லெஸ்காரன்” என்று என் முகவரியையே கேலியாக்கினீர்கள். நமக்குள் பொதுவாக இருந்தது அக்கா ஒருத்தி. அதற்கடுத்தபடி அந்தச் சொற்கள்.

உயிருக்கு இப்போதே ஆபத்து, உடனே உதவி வேண்டும் என்றால் ‘மேடே’ என்று மூன்று முறை சொல்ல வேண்டும். சிக்கல்தான், ஆனால் அந்த அளவுக்கு இன்னும் போகவில்லை என்றால் ‘பான்-பான்’ மூன்று முறை. இரைச்சலில் ஒரு முறை சொன்னது காணாமல் போகலாம். யாரோ பேச்சுவாக்கில் சொன்னதாகவும் தோன்றலாம். மூன்று முறை சொன்னால் எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லை. இந்த இரண்டும் கடலுக்கும் வானத்துக்கும் பொது.

மூன்றாவது சொல் கடலில்தான் வழங்குகிறது. ‘செக்யூரிட்டே.’ அதையும் மூன்று முறை. எனக்கு ஒன்றும் இல்லை, எனக்காக நீ எதுவும் செய்ய வேண்டாம், ஆனால் நீ வரும் வழியில் ஒரு மரக்கட்டை மிதக்கிறது, பார்த்து வா. இதுதான் அதன் பொருள். விமானங்களுக்கும் எச்சரிக்கைகள் உண்டு. ஆனால் ஒரு விமானி இன்னொரு விமானிக்கு இப்படிச் சொல்ல வானத்தில் தனியாக ஒரு சொல் கிடையாது.

“அடுத்தவனுக்குச் சொல்றதுக்கு உங்க வானத்துல ஒரு வார்த்தைகூட இல்லையே மாப்ளே! அவனவன் பாட்டுக்குப் பறக்குறான்” என்பீர்கள். நான் பதில் தேடுவதற்குள் அக்கா காப்பி கொண்டுவந்துவிடுவாள். நீங்கள் ஜெயித்ததாக ஆகிவிடும்.

இப்போது ஒரு பதில் தோன்றுகிறது. தவறாகவும் இருக்கலாம். விமானத்துக்குத் தரையில் ஓர் ஆள் உண்டு. எல்லோரும் எங்கே போகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். முன்னால் போன விமானி பார்த்ததை அவரிடம் சொன்னால், பின்னால் வருபவருக்கு அவர் சொல்லிவிடுவார். நடுக்கடலில் அப்படி ஒருவர் கிடையாது. மேலிருந்து பார்க்க ஆளில்லாத இடத்தில், ஒருவருக்கொருவர்தான் சொல்லிக்கொண்டாக வேண்டும். அதனால்தான் அந்த மூன்றாவது சொல் பிறந்ததோ? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

போன வாரம் கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்தார்கள். நான் அக்கா வீட்டில் இருந்தேன். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஒருவர் போனார். “கரையோரப் பொதுமக்கள் ஆற்றில் இறங்கவோ, குளிக்கவோ, துணி துவைக்கவோ, செல்ஃபி எடுக்கவோ வேண்டாம்” என்று தெருமுனையில் நிறுத்தி மூன்று முறை சொன்னார். நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். “கேளு, கேளு, கேளு” என்றாள் அக்கா.

படிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டும். நீங்கள் கடலில் இருந்த காலத்தில், கப்பலிலிருந்து வீட்டுக்குத் தொலைபேசி கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும் கரகரவென்று இருக்கும். நம் வீடுகளிலோ போனை எடுத்தவுடன் “பதறாதீங்க” என்று ஆரம்பிப்பார்கள். கேட்பவருக்கு அதிலேயே பாதி உயிர் போய்விடும். பிறகு பார்த்தால் மாட்டுக்குக் காய்ச்சல் என்பார்கள். அதனால் நீங்கள் குடும்பத்துக்கே ஒரு சட்டம் போட்டீர்கள். யார் பேசினாலும் முதல் சொல்லிலேயே விஷயத்தின் அளவு தெரிந்துவிட வேண்டும்.

வெறும் எச்சரிக்கை என்றால் ‘கேளு’. கவலைக்குரியது, ஆனால் அவசரம் இல்லை என்றால் ‘பதறாதே’. எல்லாவற்றையும் போட்டுவிட்டு வர வேண்டுமென்றால் ‘வா’. எதுவானாலும் மூன்று முறை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் நேரே நலம் விசாரிக்கலாம்.

ஓய்வு பெற்ற பிறகும் நீங்கள் விடவில்லை. “நான் கப்பலை விட்டு இறங்கியும் தண்ணிக்கு நடுவுலதான் மாப்ளே இருக்கேன். அந்தப் பக்கம் காவேரி, இந்தப் பக்கம் கொள்ளிடம்” என்பீர்கள். லிஃப்டில் யார் ஏறினாலும் “கேளு, கேளு, கேளு. அம்மா மண்டபம் ரோட்டுல குழி வெட்டிப் போட்டிருக்கான், வண்டிய மெதுவா விடுங்க” என்று அறிவிப்பீர்கள். இரண்டாவது மாடி வாத்தியார் மனைவி உங்களைக் கண்டால் படியிலேயே இறங்கிவிடுவார். ஆனால் அந்தக் குழியில் அந்தக் கட்டடத்துக்காரர் ஒருவரும் விழவில்லை.

அடுத்து இரண்டாவது தலைப்பு. இதில்தான் நமக்குள் உண்மையான சண்டை. ஒரு நாள் திருச்சி சென்ட்ரல் பஸ் நிலையத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, சத்திரம் பஸ் நிலையம் தாண்டி, காவிரிப் பாலம் தாண்டி விவாதித்துக்கொண்டே போனோம். கண்டக்டர் வந்து “சார், மீதிச் சண்டைய எறங்கி வச்சுக்கங்க, ஸ்ரீரங்கம் வந்துருச்சு” என்றார்.

உங்கள் கட்சி, கூப்பிடுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது. “அவன் கப்பல்ல இருக்கான். நீ கரையில நாற்காலியில இருக்கே. அவனுக்குத் தெரியாதது உனக்கு என்ன தெரியும்?” என்பீர்கள்.

என் கட்சி வேறு. விமானிகள் லேசில் அந்தச் சொற்களைச் சொல்ல மாட்டார்கள். கூச்சமா, கௌரவமா, பிறகு விளக்கம் எழுத வேண்டுமே என்ற சலிப்பா தெரியாது. “எரிபொருள் கொஞ்சம் குறைவுதான்” என்பார்கள். “ஒரு சின்ன விளக்கு எரியுது” என்பார்கள். ஆனால் குரல் வேறு எதையோ சொல்லும். விமானி சொல்லாவிட்டாலும், சந்தேகம் வந்தால் அதை அவசரமாகவே நடத்தலாம் என்பது எங்கள் பக்கத்து முறை. கேட்கிறவருக்கும் அளவை உயர்த்தும் உரிமை உண்டு. இதை நான் உங்களிடம் இவ்வளவு தெளிவாகச் சொன்னதே இல்லை. நேரில் இருக்கும்போது எனக்கு வாய் வராது.

இங்கே ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. கேட்கலாமா என்று தயங்கிக்கொண்டே வந்தேன்.

நீங்கள் போன அன்று பிற்பகல் நெஞ்சுக்குள் ஏதோ பிசைகிறது என்றீர்களாம். “கேஸ்தான், பெருங்காயம் போட்டு மோர் கொடு” என்றீர்களாம். அக்கா மோர் கலக்கிக்கொண்டு வருவதற்குள் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டீர்கள். அவள் அழுததைவிட இதைச் சொல்லித்தான் அதிகம் ஆற்றாமைப்பட்டாள். “மூணு வார்த்தையை வீட்டுக்கே சொல்லிக்கொடுத்த மனுஷன். தனக்குன்னு வந்தப்ப ஒரு தடவையாவது வான்னு சொல்லலையேடா. அடுப்படி எவ்வளவு தூரம்? நான் என்ன மஸ்கட்லயா இருந்தேன்? வேணும்னே மறைச்சுட்டாருடா என்கிட்ட.”

இந்த ஓராண்டில் அவள் இதைச் சொல்லாத வாரம் இல்லை. மச்சான், தெரிந்துதான் சொல்லாமல் விட்டீர்களா? அவள் பயந்துவிடுவாள் என்று நினைத்தீர்களா?

உங்களுக்கே அப்படி ஆனது என்றால், அக்கா மட்டும் சொல்லிவிடுவாளா என்பதுதான் என் நாலாவது தலைப்பு. அவளுக்கு முழங்கால் வலி. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். பெரிய பாத்திரத்தைத் தானே தூக்குவாள். குமரனுக்குப் பதில் சொல்வதற்கு முன்பு அவளைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

“அக்கா, பாத்ரூம்ல வழுக்கிட்டா என்ன சொல்லுவே?” என்று கேட்டேன்.

“ஐயோன்னு சொல்லுவேன்.”

“அதில்ல. எனக்குப் போன் பண்ணி, மூணுல எந்த வார்த்தை சொல்லுவே?”

“விழுந்து பாத்துட்டுச் சொல்றேன். என்னடா இது, வேலைக்கு ஆள் எடுக்கிற மாதிரி?”

“சும்மாதான் கேட்டேன்.”

“குமரன் கேக்கச் சொன்னானா?”

நான் இட்லியைச் சட்னியில் தோய்த்தேன். “பொய் சொல்லத் தெரியாதவன்லாம் உளவு பாக்க வரக் கூடாது” என்று சொல்லி, என் தட்டில் இன்னும் இரண்டு இட்லி வைத்தாள். சோதனை அத்துடன் முடிந்தது. ஆகவே நாலாவது தலைப்பைப் பொறுத்தவரை என் நிலை

மச்சான், மேலே உள்ள வரி அப்படியே நிற்கிறது. அன்று மாலை குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று எழுந்து போனேன். மறுநாள் மீதியை எழுதலாம் என்றிருந்தேன். இப்போது இதை எழுதுவது வயர்லெஸ் ரோட்டிலிருந்து அல்ல. உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இடது கை மேஜையின் மேல் சும்மா கிடக்கிறது. வலது கைக்கு ஒன்றும் இல்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

மறுநாள் காலையில் காப்பி குடிக்கும்போது டம்ளர் இடது கையிலிருந்து நழுவி விழுந்தது. துடைக்கக் குனிந்தேன், தலை சுற்றியது. உட்கார்ந்துகொண்டு நிலைமையை முறைப்படி ஆராய்ந்தேன். நெஞ்சு வலி இல்லை. காய்ச்சல் இல்லை. மூச்சு சீராக இருக்கிறது. முன்தினம் சரியாகத் தூங்கவில்லை. ஆகவே இது வெறும் ‘கேளு’ வகை. அக்காவுக்குத் தகவலாக மட்டும் சொன்னால் போதும்.

வழக்கமாகப் பேசும் நேரத்தில் போன் செய்தேன். நீங்கள் வகுத்த முறைப்படியே சொன்னேன். முதலில் சொல், பிறகு பெயர், இடம், விஷயம், அடுத்து செய்யப்போவது. “கேளு, கேளு, கேளு. சிதம்பரம் பேசுறேன். வீட்டுலதான் இருக்கேன். லேசாத் தலை சுத்துது. இன்னைக்கு ஸ்ரீரங்கம் வரலை. படுத்துக்கப் போறேன்.”

இப்போது நினைத்தாலும் அது குறையில்லாத செய்திதான்.

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. பிறகு “இன்னொரு தரம் சொல்லு” என்றாள். சொன்னேன்.

“உன் பேரை மட்டும் சொல்லு.”

“எதுக்குக்கா?”

“சொல்லுடா.”

“சிதம்பரம்.” என் காதுக்கு அது சரியாகத்தான் கேட்டது.

“சரி. போனை வைக்காதே. படுக்காதே. மெதுவா சுவத்தைப் புடிச்சுக்கிட்டுப் போய்க் கதவுத் தாப்பாளை எடுத்து விடு. எடுத்துட்டு அங்கயே உக்காரு.”

நான் வாழ்நாளில் அக்கா சொன்னதை மீறியதில்லை. தாழ்ப்பாளை எடுத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். போனுக்குள் அவள் குரல் தூரத்தில் கேட்டது. வீட்டிலிருந்த இன்னொரு போனில் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். “வா, வா, வா” என்றாள். நம் குடும்பத்தில் யாரும் அந்தச் சொல்லை மூன்று முறை சொல்லி நான் கேட்டதில்லை. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று எனக்குக் கவலையாக இருந்தது.

சிறிது நேரத்தில் கீழ்வீட்டு நசீர் பாய் லுங்கியை மடித்துக் கட்டியபடி மாடிப்படியில் ஓடி வந்தார். உங்களுக்கு அவரைத் தெரியும். துபாயிலிருந்து திரும்பி வந்து செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். அவர் எண் ஏதாவது ஒன்றுக்கு இருக்கட்டும் என்று அக்கா எப்போதோ வாங்கி வைத்திருந்தாள்.

“யா அல்லாஹ்! என்னா சார் ஆச்சு?”

“ஒண்ணும் இல்ல பாய். தலை சுத்தல்தான். அக்காகிட்ட கேளுன்னுதான் சொன்னேன்.”

“அவங்க என்கிட்ட வான்னு சொன்னாங்க சார். மூணு வாட்டி. எனக்கு ஒண்ணும் வெளங்கலை, ஆனா ஒக்கார முடியலை, ஓடியாந்துட்டேன். எந்திரிங்க, வண்டிய எடுத்து வச்சிருக்கேன்.”

“கடை திறக்க நேரமாச்சே உங்களுக்கு. எனக்கு நிஜமாவே ஒண்ணும்…”

“சார், கொஞ்சம் இப்படித் திரும்புங்க.” உள்ளே இருந்த கண்ணாடிக்கு நேராக என்னைத் திருப்பினார். “இப்பச் சொல்லுங்க, ஒண்ணும் இல்லையா?”

கண்ணாடியில் இருந்தவரின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. அவரைப் பார்த்தால் எனக்கே பரிதாபமாக இருந்தது. ஆனாலும் மச்சான், அது நான்தான் என்று உறைக்கவில்லை. இதைத்தான் இப்போது திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். அப்போதும் என் கணக்கில் அது ‘கேளு’தான்.

மூளைக்குப் போகும் ரத்தத்தில் சிறிய அடைப்பு. நேரத்தோடு கொண்டுவந்ததால் அதிகம் சேதமில்லை என்றார் ஆஸ்பத்திரியில் இருந்த பெண் டாக்டர். படுத்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்றார். “உங்க கூட இருந்தவங்கள்ல யாரு சார் கவனிச்சது?” என்று கேட்டார். “கூட யாரும் இல்லம்மா. ஆத்துக்கு அந்தப் பக்கம் இருந்து கவனிச்சாங்க” என்றேன். நான் குழறுவதாக நினைத்து அவர் கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்தார்.

பிறகு அக்காவிடம் கேட்டேன், எப்படித் தெரிந்தது என்று. “என்னடா தெரியறதுக்கு? பேச ஆரம்பிச்ச நாள்லேர்ந்து உன் குரலைக் கேக்குறேன். அன்னைக்கு அது ஒரு பக்கமா சாஞ்சிருந்துச்சு” என்றாள்.

கடல் விதிகளில் ஒன்றை நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். விமானங்களுக்கும் அது உண்டு. ஆபத்தில் இருப்பவரால் கூப்பிட முடியாதபோது, அதை அறிந்த இன்னொருவர் அவருக்காகக் கூப்பிடலாம். ‘மேடே ரிலே’ என்று மூன்று முறை. மூழ்குவது நானல்ல, இன்னொருவர், அவருக்காக அழைக்கிறேன். இந்த விதியை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். கூப்பிட முடியாதவர் என்றால் ரேடியோ கெட்டுப்போனவர், மயங்கிக் கிடப்பவர் என்றே எண்ணியிருந்தேன். ரேடியோ நன்றாக வேலை செய்ய, முறை தவறாமல் பேசிக்கொண்டே, தான் மூழ்குவது தெரியாமல் மூழ்குகிறவரும் அதில் சேர்த்தி என்று தோன்றியதே இல்லை.

இதிலிருந்து உங்களுக்கு வருகிறேன். நீங்கள் மறைக்கவில்லை, மச்சான். நான் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உள்ளே இருக்கிறவனுக்கு அது அவ்வளவு பெரிதாகத் தெரிவதில்லை. கேஸ் என்று சொன்னபோது அது கேஸ் என்றுதான் நீங்கள் நினைத்தீர்கள்.

இதை அக்காவிடம் சொன்னேன். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. “அப்ப என்கிட்ட மறைக்கலைங்கிறே” என்றாள்.

“மறைக்கலைக்கா. எனக்கும் தெரியலையே.”

பிறகு அந்த ஆரஞ்சு முழுவதையும் அவளே சாப்பிட்டுவிட்டாள். எனக்கென்று உரித்தது. அதற்குப் பிறகு அந்தப் புகாரை அவள் வாயால் நான் கேட்கவில்லை.

செய்தி கேட்டுக் குமரன் மஸ்கட்டிலிருந்து வந்துவிட்டான். கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, “மாமா, உங்களுக்கே இப்படி ஆயிருச்சு. இப்ப என்ன சொல்றீங்க? அம்மாவைக் கூட்டிட்டுப் போகவா?” என்றான். திதி இன்னும் வரவில்லை, தவணை இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

“அவன்கிட்ட என்னடா கேக்குறே? என்கிட்ட கேளு. நான் மஸ்கட்டுக்கு வந்துட்டா இவன் போனை யாரு கேப்பா? நீ கேப்பியா? இவன் சாகும்போதுகூட நம்பர் போட்டு, நலம், நலமறிய ஆவல்னு சொல்லிட்டுத்தான் சாவான்.”

“அம்மா, ஆஸ்பத்திரியில என்ன பேச்சு இது?”

“இவனை ஸ்ரீரங்கத்துக்கு அள்ளிட்டுப் போறேன். உன் ரூம் சும்மாதானே கிடக்கு. ரெண்டு கிழடும் ஒரே இடத்துல இருந்தா உனக்கும் ஒரு போனோட முடிஞ்சிரும்.”

குமரன் என்னைப் பார்த்தான். நான் பாரமாகிவிடுவேனே என்று சொல்ல வாயெடுத்தேன். “வாய் இன்னும் நேராகலை, பேசாதே” என்றாள் அக்கா. குமரன் சிரித்துவிட்டான். அப்படியாக ஐந்தாவது தலைப்பு நான் ஒன்றும் சொல்லாமலே முடிவானது. அவன் ஊருக்குத் திரும்புவதற்கு முன்பு நசீர் பாய் வண்டியில் என் சாமான்களைக் கொண்டுவந்து சேர்த்தான். திதியன்று பேசுவான். இனி வாரம் இரண்டு முறை அவன்தான் பேச வேண்டும், நாமாக அல்ல என்பது அக்காவின் நிபந்தனை.

மூன்றாவது தலைப்பு விட்டுப்போயிற்று. சுவரில் உங்கள் கப்பல் கடிகாரம் என் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. உடைக்கப்போன கப்பலிலிருந்து நீங்கள் கேட்டு வாங்கிவந்தது. முகத்தில் இரண்டு இடத்தில் சிவப்புப் பட்டை. பழைய நாளில் நிமிட முள் அந்தச் சிவப்புக்குள் வந்தால், எல்லாக் கப்பல்களும் மூன்று நிமிடம் தந்தியடிப்பதை நிறுத்திவிட்டுக் காது மட்டும் கொடுக்க வேண்டும். எங்காவது யாராவது பலவீனமாகக் கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்பதற்காக. இப்போது செயற்கைக்கோள் வந்து அதெல்லாம் போய்விட்டது. வீட்டில் நீங்கள் விடவில்லை. முள் சிவப்புக்கு வந்தால் மிக்ஸி ஓடக் கூடாது, டிவி பேசக் கூடாது.

நீங்கள் போன பிறகு அந்தப் பழக்கமும் போயிருக்கும் என்று நினைத்திருந்தேன். இங்கே வந்து பார்த்தால், முள் சிவப்புக்கு வந்ததும் அக்கா மிக்ஸியை நிறுத்திவிட்டு அப்படியே நிற்கிறாள். உங்களை நினைத்துக்கொள்கிறாள் போலும் என்று இரண்டு நாள் நானும் தலை குனிந்து நின்றேன். மூன்றாம் நாள் கேட்டுவிட்டேன்.

“என்னக்கா கேக்குறே?”

“மாடியில டேங்க் வழியுதான்னு கேக்குறேன்.”

“அவ்வளவுதானா?”

“குக்கர் எத்தனை விசில், கேஸ் சத்தம் வருதா, எதிர்வீட்டுப் பொண்ணு இருமறது நின்னுச்சா, எல்லாம் கேக்கும். அவர் இருந்தப்ப அவர் மூச்சு கேக்கும். இப்ப நீ செருப்பு இழுத்துக்கிட்டு நடக்கிறது கேக்குது. காலைத் தூக்கி நட.”

அன்று வயர்லெஸ் ரோட்டிலிருந்து நான் பேசியபோது அவள் சட்டென்று பதில் சொல்லாமல் இருந்தாளே, அது எங்கிருந்து வந்த பழக்கம் என்று அப்போதுதான் புரிந்தது. கப்பல்கள் கைவிட்ட ஒரு வழக்கம் இந்த வீட்டுச் சமையலறையில் எத்தனை வருடமாக நடந்திருக்கிறது! எழுதியும் படித்தும் ரேடியோவில் உட்கார்ந்தவர்கள் நாம் இருவர். இவ்வளவு நன்றாகக் கேட்கத் தெரிந்தவள் எப்போதாவது நம் பஸ் விவாதத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாளா? நாம் கேட்டிருக்கிறோமா?

இரண்டாவது தலைப்பில் என் கட்சி ஜெயித்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் ஜெயித்துக் கொடுத்தவள் அக்கா. நான் தோற்ற பக்கத்தில் கட்டிலில் படுத்திருந்தேன்.

முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ‘ஆபத்தில் இருப்பது தனியாக இருக்கும் அக்கா’ என்று நாலாவதாக எழுதியிருக்கிறேன். அடித்துவிடலாமா என்று பேனாவை எடுத்தேன். நம் வேலையில் எழுதியதை அழிக்கக் கூடாது என்பதால் அப்படியே விட்டுவிட்டு, கீழே திருத்தம் மட்டும் எழுதுகிறேன். நாலாவது தலைப்பு தவறு, மச்சான். தனியாக இருந்தவன் நான். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இனி டம்ளர் நழுவினால்கூட முதலில் ‘வா’ என்று சொல்லிவிடுகிறேன். அளவை அவள் குறைத்துக்கொள்ளட்டும். உங்களுக்கும் சேர்த்து நான் சொல்கிறேன்.

அக்காவின் தம்பி,
உங்கள் மச்சினன்,
சிதம்பரம்